முதல் செமஸ்டரிலேயே அரியர்: பொறியியலை விடுவதற்கு முன் பார்க்க வேண்டியவை

பன்னிரண்டாம் வகுப்பில் கணக்கில் 95 வாங்கிய பிள்ளை, முதல் செமஸ்டரில் அதே கணக்கில் அரியர் வைத்துவிட்டு, "எனக்கு இது செட் ஆகாது, பி.காம். போறேன்" என்கிறான். ஒன்று, செல்போன் கெடுத்துவிட்டது என்பார்கள். இல்லையென்றால் மண்டையில் ஏறவில்லை என்பார்கள். பெரும்பாலும் இரண்டும் இல்லை. அமெரிக்காவில் 7 கல்வி நிறுவனங்களில் எலைன் சீமோரும் நான்சி ஹெவிட்டும் நடத்திய ஆய்வு 1997இல் வெளிவந்தது. அறிவியல், பொறியியலை விட்டுப் போனவர்களும் அதிலேயே நீடித்தவர்களும் திறமையில் அவ்வளவாக வேறுபடவில்லை. பாடம் நடத்தும் விதம் பற்றி இரு தரப்பும் ஒரே குறையைத்தான் சொன்னார்கள்.

முதலில் விடைத்தாள் நகலுக்கு விண்ணப்பியுங்கள். அதற்குக் கெடு சில நாட்கள்தான். அண்ணா பல்கலைக்கழக இணைப்புக் கல்லூரிகளின் 2021 விதிமுறைப்படி, தியரி பாடத்தில் அகமதிப்பீடு (இன்டர்னல்) 40 மதிப்பெண், செமஸ்டர் தேர்வு 60. மொத்தத்தில் 50 வேண்டும். அதோடு தேர்வில் தனியாக 45 சதவீதமும் வேண்டும். அகமதிப்பீட்டில் 38 எடுத்தவனும் இங்கே மாட்டுவான். (தன்னாட்சிக் கல்லூரி என்றாலோ, 2021க்குப் பின் வந்த புதிய விதிமுறையில் சேர்ந்தவர் என்றாலோ, பொருந்தும் விதியைக் கல்லூரியில் கேளுங்கள்.)

நகலில் மொத்த மதிப்பெண்ணை விட்டுவிட்டு, எந்த இடத்தில் போனது என்று பாருங்கள். இரண்டு மதிப்பெண் கேள்விகள் காலியாக இருந்தால் பாடத்தைப் படிக்கவே இல்லை. 13 மதிப்பெண் கணக்கைச் சரியாக ஆரம்பித்து, நடுவில் தொகையிடலிலோ முக்கோணவியலிலோ நின்றிருந்தால், கோளாறு கல்லூரியில் இல்லை, பதினொன்றாம் வகுப்பில் இருக்கிறது. பல பள்ளிகள் அந்தப் பாடத்தை ஒப்புக்கு நடத்திவிட்டு, இரண்டு வருடமும் பன்னிரண்டாம் வகுப்புப் பாடத்தையே உருப்போட வைத்தன. வகைநுண்கணிதம், தொகைநுண்கணிதம், வெக்டர் எல்லாவற்றுக்கும் அடித்தளம் அங்கேதான். நல்ல பள்ளி என்று பணம் கட்டிச் சேர்த்த பெற்றோருக்கு இது கசப்பான செய்திதான்.

இதைச் சரிசெய்ய முடியும். பதினொன்றாம் வகுப்புக் கணக்கு இரண்டாம் தொகுதியை (முக்கோணவியலுக்கு முதல் தொகுதியை) எடுத்து, தினம் ஒரு மணி நேரம் என ஆறேழு வாரம் பயிற்சிக் கணக்குகளைத் தாளில் போட வேண்டும். வீடியோ பார்ப்பது கணக்கில் சேராது. தமிழ் வழியில் படித்தவர் என்றால் அதே புத்தகத்தின் ஆங்கிலப் பதிப்பையும் பக்கத்தில் வைத்துக்கொள்ளட்டும். பலருக்குக் கணக்கு வரும், கேள்விதான் புரியாது.

நல்ல மதிப்பெண் வாங்கியும் விட நினைக்கும் பிள்ளை வேறு ரகம். முதல் ஆண்டில் இயற்பியல், வேதியியல், கணக்கு என்று மறுபடியும் பள்ளிப் பாடம் போலவே போகும். துறைப் பாடங்கள் பெரும்பாலும் மூன்றாம் செமஸ்டரில்தான் வருகின்றன. அந்தப் பாடத்திட்டத்தை இப்போதே எடுத்து, ஒரு பாடப் புத்தகத்தின் முதல் இரண்டு அத்தியாயங்களைப் படிக்கச் சொல்லுங்கள். இயந்திரவியல் என்றால் வெப்ப இயக்கவியல் போதும். அதுவும் ஒட்டவில்லை, உங்கள் ஆசைக்காகத்தான் சேர்ந்தான் என்றால் விடுவதே சரி. இரண்டு வருடம் கழித்து விடுவதைவிட இது மலிவு.

ஆனால், யோசிக்கிறேன் என்று வகுப்புக்குப் போகாமல் இருக்க விடாதீர்கள். வருகை 75 சதவீதம் வேண்டும். மருத்துவக் காரணம் காட்டினால் 65 வரை விலக்கு கிடைக்கும். அதற்கும் கீழே போனால் தேர்வெழுத முடியாது, அந்த செமஸ்டரையே மறுபடி படிக்க வேண்டியிருக்கும். பிள்ளை சரியாகத் தூங்காமல், சாப்பிடாமல், யாரிடமும் பேசாமல் இருந்தால் இந்தக் கணக்கையெல்லாம் ஒதுக்கிவிட்டு 14416 என்ற டெலிமானஸ் (அரசின் மனநல உதவி) எண்ணில் பேசுங்கள், மருத்துவரைப் பாருங்கள்.

முடிவை மே மாதத்துக்குள் எடுங்கள். கலை அறிவியல் கல்லூரி விண்ணப்பங்கள் அப்போதுதான் ஓடும். அசல் சான்றிதழ்களைக் கல்லூரி பிடித்து வைத்துக்கொள்ளக் கூடாது என்பது யுஜிசி விதி. மறுத்தால் எழுத்தில் கேளுங்கள். கல்விக் கடன் இருந்தால், கல்லூரியில் எழுதிக் கொடுக்கும் முன் வங்கிக்குப் போய்விடுங்கள்: படிப்புக் காலமும் அதன்பின் ஓராண்டும் என்ற தவணை விலக்கு, படிப்பை நிறுத்தினால் என்ன ஆகும் என்பதைக் கிளை மேலாளரிடம் எழுத்தில் வாங்குங்கள்.