சக ஆசிரியரின் வகுப்பில் போய் உட்கார்ந்து பார்ப்பதால் கணித, அறிவியல் ஆசிரியர்களுக்கு உண்மையிலேயே பயன் உண்டா?

கேள்வி கேட்டவர் கீழே ஒரு விளக்கமும் சேர்த்திருக்கிறார்: "மாதம் ஒருமுறை இன்னொருவர் வகுப்பைப் பார்த்துப் படிவம் நிரப்பித் தர வேண்டும் என்று எங்கள் பள்ளியில் உத்தரவு. இது ஆசிரியர் வளர்ச்சியா, வேவு பார்ப்பதா?"

நீங்கள் வேலைக்குச் சேர்ந்து ரொம்ப காலம் ஆகியிருக்காது என்று நினைக்கிறேன். ஆகியிருந்தால் இதைக் கேள்வியாகக் கேட்டிருக்க மாட்டீர்கள், புலம்பலாக எழுதியிருப்பீர்கள்.

பயன் உண்டு. நான் போன பயிற்சி வகுப்புகள் எல்லாவற்றையும் சேர்த்தாலும் இதில் கிடைத்த அளவுக்குக் கிடைத்ததில்லை. ஆனால் அந்தப் படிவத்தால் வரும் பயன் அல்ல அது. நான் கணித ஆசிரியன். எனக்கு நடந்ததைச் சொல்கிறேன், கொஞ்சம் நீளமாகத்தான் போகும்.

எங்கள் இயற்பியல் ஆசிரியை ஒருநாள் ஆசிரியர் அறையில் எல்லோர் முன்னாலும் கேட்டார்: "சார், உங்க பசங்களுக்குச் சாய்வு கண்டுபிடிக்கவே தெரியலையே. என்னதான் நடத்தினீங்க?" எனக்குச் சுருக்கென்றது. அதே பிள்ளைகள் என் தேர்வில் சாய்வுக் கணக்கில் முழு மதிப்பெண் வாங்கியவர்கள். விடைத்தாள் கட்டை எடுத்துக் காட்டினேன். அவர் தன் கட்டை எடுத்துப் பக்கத்தில் வைத்தார். ஒரே பெயர்கள். என் தாளில் சரி, அவர் தாளில் தப்பு.

"நீங்களே வந்து பாருங்க சார்" என்றார். கோபத்தில்தான் சொன்னார், கோபத்தில்தான் நானும் போனேன். போய் உட்கார்ந்தது கடைசி வரிசையில், ஒரு மாணவிக்குப் பக்கத்தில். பலகையைப் பார்க்கவில்லை, அவள் நோட்டைத்தான் பார்த்தேன். திசைவேக–கால வரைபடம், அதில் கோட்டின் சாய்வுதான் முடுக்கம். கிடை அச்சில் ஒரு கட்டம் 2 விநாடி. செங்குத்து அச்சில் ஒரு கட்டம் விநாடிக்கு 5 மீட்டர். கோடு 2 கட்டம் வலப்பக்கம் நகர்வதற்குள் 4 கட்டம் மேலே ஏறுகிறது. அந்தப் பெண் பென்சில் முனையால் கட்டங்களை எண்ணினாள். நான்கு, இரண்டு. நான்கை இரண்டால் வகுத்து, முடுக்கம் 2 என்று எழுதினாள். 20-ஐ 4-ஆல் வகுத்து 5 என்று வந்திருக்க வேண்டும்.

எனக்கு அங்கேயே விஷயம் பிடிபட்டது. எங்கள் கணிதப் பாடநூலில் அந்தப் பாடத்தில் வரும் வரைபடங்கள் எல்லாவற்றிலும் இரண்டு அச்சிலும் ஒரு கட்டம் என்பது ஓர் அலகு. கட்டத்தை எண்ணினாலே சரியான விடை வந்துவிடும். அவள் தனக்குத்தானே ஒரு விதி செய்து வைத்திருந்தாள், அந்த விதி கணித வகுப்பில் ஒருமுறைகூடப் பொய்த்ததில்லை. என் வகுப்பிலிருந்து பார்த்தால் அவளுக்குச் சாய்வு தெரியும். இயற்பியல் வகுப்பிலிருந்து பார்த்தால் தெரியாது. இரண்டு வகுப்பையும் சேர்த்துப் பார்க்கிற ஆள் பள்ளியில் யாருமே இல்லை, அந்தப் பிள்ளைகளைத் தவிர.

அப்புறம் நாங்கள் இருவரும் உட்கார்ந்து ஒரு பாடம் தயாரித்தோம். ஒரு வண்டியின் திசைவேகத்துக்கு ஒரே அட்டவணை, அதே எண்கள். வகுப்பில் பாதிப் பேர் ஓர் அளவுத்திட்டத்திலும் மீதிப் பேர் வேறு அளவுத்திட்டத்திலும் வரைய வேண்டும். இரண்டையும் பலகையில் ஒட்டி, "எந்த வண்டிக்கு முடுக்கம் அதிகம்?" என்று கேட்பது. அவ்வளவுதான் திட்டம். முதல் பிரிவில் அவர் நடத்தினார், நான் பிள்ளைகளைப் பார்த்தேன். அடுத்த பிரிவில் நான் நடத்தினேன், அவர் பார்த்தார். இரண்டு பிரிவிலும் பெரும்பாலானவர்கள் கூடுதல் செங்குத்தாகத் தெரிந்த கோட்டைத்தான் காட்டினார்கள். ஒரு பையன் மட்டும் எழுந்து, "அட்டவணை ஒண்ணுதானே சார், அப்புறம் எப்படி முடுக்கம் மாறும்?" என்றான். அதற்குப் பிறகு நாங்கள் அதிகம் பேச வேண்டியிருக்கவில்லை. வகுப்பு தனக்குள்ளேயே சண்டை போட்டுக்கொண்டு முடிவுக்கு வந்தது.

இதைக் கேள்விப்பட்டு வேதியியல் ஆசிரியரும் வந்து சேர்ந்தார். நிறை–பருமன் வரைபடத்தின் சாய்வுதான் அடர்த்தி என்று சொன்னால் பிள்ளைகள் விழிப்பது ஏன் என்று அவருக்கும் புரிந்தது. நான் என் பங்குக்கு, கணித வகுப்பிலேயே விநாடி, கிராம் என்று அலகு போட்ட அச்சுகளைக் கொண்டுவர ஆரம்பித்தேன். கணிதத்தில் நேர்கோட்டுக்கு எழுதும் ஒய் = எம்எக்ஸ் + சி என்பதும் இயற்பியலில் திசைவேகத்துக்கு எழுதும் வி = யூ + ஏடி என்பதும் ஒரே சமன்பாடுதான் என்று எங்கள் பள்ளியில் முதல்முறையாக ஒரே வாரத்தில் இரண்டு பேர் சொன்னோம்.

பின்னாளில் தேடிப் படித்தபோது தெரிந்தது, வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் லில்லியன் மெக்டர்மாட்டின் இயற்பியல் கல்வி ஆய்வுக் குழு 1987-லேயே இந்தப் பகுதியை அலசியிருக்கிறது. கோட்டின் உயரத்தையும் சாய்வையும் மாணவர்கள் குழப்பிக்கொள்வதை விரிவாக எழுதியிருக்கிறார்கள். ராபர்ட் பெய்க்னர் என்பவர் இயக்க வரைபடங்களைப் புரிந்துகொள்வதைச் சோதிக்கவே தனியாக ஒரு வினாத்தாள் தயாரித்து 1994-ல் வெளியிட்டார். "இதைப் படித்திருந்தாலே போதுமே, வகுப்பில் போய் உட்கார வேண்டுமா?" என்று யாராவது இங்கே கேட்பார்கள். படித்திருந்தால் நல்லதுதான். ஆனால் என் பிள்ளைகள் கட்டத்தை எண்ணுகிறார்கள் என்று எந்தக் கட்டுரையும் எனக்குச் சொல்லியிருக்காது.

சரி, இனி வேவுக்கு வருவோம்.

நாங்கள் மூன்று பேரும் இப்படிச் சுற்றிக்கொண்டிருப்பது மேலே தெரிந்தது. பாராட்டினார்கள். பாராட்டியதோடு விட்டிருக்கலாம். அடுத்த மாதமே அது திட்டம் ஆகிவிட்டது. திட்டம் என்றால் படிவம். குரல் தெளிவு, பலகைப் பயன்பாடு, வகுப்புக் கட்டுப்பாடு, நேர மேலாண்மை என்று வரிசையாக, ஒவ்வொன்றுக்கும் ஐந்துக்கு எத்தனை என்று போட வேண்டும். அந்தப் படிவத்தின் ஒரு பிரதி ஆண்டு மதிப்பீட்டுக் கோப்புக்குப் போகும் என்று தெரிந்த நாளிலிருந்து எல்லோரும் எல்லோருக்கும் நான்கு போட ஆரம்பித்தார்கள். ஐந்து போட்டால் சந்தேகம் வரும், மூன்று போட்டால் பகை வரும். இதில் யாரையும் குறை சொல்ல மாட்டேன், நானும் நான்குதான் போட்டேன். ஒரு சக ஊழியரின் சம்பள உயர்வில் கை வைக்க எனக்கு என்ன அதிகாரம்?

அந்தப் படிவத்தில் எங்கேயும் 'அந்தப் பெண் ஏன் 2 என்று எழுதினாள்' என்பதை எழுத இடமில்லை.

நான் மட்டும் இப்படிச் சொல்லவில்லை. ஆசிரியர்கள் ஒருவருக்கொருவர் வழிகாட்டுவது பற்றி 1980-களிலிருந்து தொடர்ந்து எழுதியவர்கள் புரூஸ் ஜாய்ஸ், பெவர்லி ஷவர்ஸ். பயிற்சியில் கேட்டது வகுப்புக்குள் போய்ச் சேர வேண்டுமானால் சக ஆசிரியரின் துணை வேண்டும் என்று அழுத்திச் சொன்னவர்கள். அவர்களே 1996-ல் என்ன எழுதினார்கள் தெரியுமா? சக ஆசிரியர்கள் வாய்மொழியாகக் கருத்துச் சொல்வதையே இந்த முறையிலிருந்து எடுத்துவிட்டோம் என்றார்கள். கருத்துச் சொல்ல ஆரம்பித்தால் பார்ப்பவர் மெல்ல மெல்ல மேலதிகாரி ஆகிவிடுகிறாராம். அவர்கள் கணக்குப்படி பாடம் நடத்துபவர்தான் கற்றுக்கொடுப்பவர், உட்கார்ந்து பார்ப்பவர்தான் கற்றுக்கொள்பவர். எங்கள் படிவத்தில் இது தலைகீழ்.

ஜப்பானில் ஜுகியோ கென்க்யூ என்று ஒரு பழக்கம் இருக்கிறது, பாட ஆய்வு என்று சொல்லலாம். சில ஆசிரியர்கள் கூடி ஒரே ஒரு பாடத்தைச் சேர்ந்து தயாரிப்பார்கள். ஒருவர் நடத்துவார், மற்றவர்கள் சுற்றி நின்று மாணவர்கள் என்ன எழுதுகிறார்கள், எங்கே திணறுகிறார்கள் என்று குறித்துக்கொள்வார்கள். பிறகு உட்கார்ந்து பேசுவார்கள். பாடம் எல்லோரும் சேர்ந்து தயாரித்தது என்பதால் அது சரியாக வராவிட்டால் நடத்தியவர் தலையில் விழாது. இதில்தான் சூட்சுமமே இருக்கிறது. ஜெர்மனி, ஜப்பான், அமெரிக்கா மூன்று நாடுகளிலும் 231 எட்டாம் வகுப்புக் கணிதப் பாடங்களை வீடியோ எடுத்து ஒப்பிட்ட ஆய்வைப் பற்றி அமெரிக்க ஆய்வாளர்கள் ஸ்டிக்லரும் ஹீபர்ட்டும் 1999-ல் எழுதிய பிறகு இது வெளியுலகில் பரவலாகத் தெரியவந்தது.

அதே ஆண்டில் வெளிவந்தது கணிதக் கல்வி ஆய்வாளர் லிபிங் மாவின் ஆய்வு. ஒன்றே முக்காலை அரையால் வகுக்கச் சொல்லி அமெரிக்க ஆசிரியர்கள் 23 பேரிடமும் சீன ஆசிரியர்கள் 72 பேரிடமும் கேட்டார். சீன ஆசிரியர்கள் அத்தனை பேரும் சரியாகச் செய்தார்கள். அமெரிக்க ஆசிரியர்களில் பாதிப் பேர்கூட முழுமையாகச் செய்து முடிக்கவில்லை. இத்தனைக்கும் பள்ளி, கல்லூரியில் படித்த ஆண்டுகளைக் கணக்குப் பார்த்தால் சீன ஆசிரியர்கள்தான் குறைவு. வேலைக்கு வந்த பிறகு பாடநூலை ஆழ்ந்து படித்ததும் சக ஆசிரியர்களோடு உட்கார்ந்து விவாதித்ததும்தான் தங்களுக்குக் கற்றுத்தந்தது என்று அவர்கள் சொன்னார்கள்.

"இதெல்லாம் அந்த நாடுகளுக்குச் சரி" என்று கிளம்புகிறவர்களுக்காக ஒன்று. மத்தியப் பிரதேசத்தில் 1972-ல் 16 பள்ளிகளில் தொடங்கிய ஹோசங்காபாத் அறிவியல் கற்பித்தல் திட்டத்தில், கிராமத்து நடுநிலைப் பள்ளி ஆசிரியர்கள் மாதாமாதம் கூடி, எந்தச் சோதனை வேலை செய்தது, எது செய்யவில்லை, மாணவர்கள் என்ன கேட்டார்கள் என்று பேசினார்கள். அது 2002-ல் அரசு நிறுத்தும்வரை நடந்தது.

எல்லாவற்றையும் ஆசிரியர்களே ஒருவருக்கொருவர் சொல்லிக்கொடுத்துவிடலாம், வெளியாள் வேண்டாம் என்று நான் சொல்வதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். தப்பும் இதே வழியில்தான் பரவுகிறது. தட்டில் தண்ணீர் ஊற்றி, நடுவில் மெழுகுவர்த்தி ஏற்றி, மேலே கண்ணாடிக் குவளையைக் கவிழ்க்கிற சோதனையை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். சுடர் அணைந்ததும் தண்ணீர் உள்ளே ஏறும். "பார்த்தீர்களா, ஐந்தில் ஒரு பங்கு, அதுதான் எரிந்துபோன ஆக்சிஜன்" என்பார்கள். ஆக்சிஜன் முழுவதும் தீர்வதற்கு முன்பே சுடர் அணைந்துவிடுகிறது, எரிந்ததற்குப் பதிலாகக் கார்பன் டை ஆக்சைடும் வருகிறது. சூட்டில் விரிந்த காற்றில் கொஞ்சம் வெளியேறிவிட, மிச்சம் ஆறிச் சுருங்குவதால்தான் தண்ணீர் பெரும்பாலும் ஏறுகிறது. சந்தேகம் இருந்தால் அதே குவளைக்குள் மூன்று நான்கு மெழுகுவர்த்தி வைத்துப் பாருங்கள், தண்ணீர் இன்னும் மேலே போகும். ஆக்சிஜன் என்னவோ அதே அளவுதான். கணிதத்தில் எங்களுக்கும் உண்டு: "பத்தால் பெருக்கினால் ஒரு பூச்சியம் சேர்" என்று சொல்லிக்கொடுத்துவிட்டு, 2.5-ஐப் பத்தால் பெருக்கி 2.50 என்று எழுதும் பிள்ளையைத் திட்டுவோம். ஆகவே கூட்டத்தில் பாடம் ஆழமாகத் தெரிந்த ஒருவர் இருந்தே ஆக வேண்டும். ஜப்பானிலும் அப்படி ஒருவரை வெளியிலிருந்து கூப்பிடுவது வழக்கம்.

மெழுகுவர்த்தி என்றதும் ஞாபகம் வருகிறது, கேள்விக்குச் சம்பந்தமில்லைதான், ஆனாலும் சொல்லிவிடுகிறேன். அந்தச் சோதனையைச் செய்து பார்க்கலாம் என்று ஆய்வகத்தில் குவளை கேட்டால், ஸ்டாக் ரிஜிஸ்டரில் கையெழுத்து, உடைந்தால் விளக்கக் கடிதம். நிறுத்துக்கடிகாரங்கள் பெட்டி பிரிக்காமல் அலமாரிக்குள் பத்திரமாக இருக்கின்றன. தணிக்கைக்கு வருகிறவர் எண்ணிப் பார்த்துவிட்டு எண்ணிக்கை சரி என்று எழுதிவிட்டுப் போவார். பிள்ளைகள் தொட்டார்களா என்று ஒருவரும் கேட்டதில்லை. தேய்ந்துபோன கருவிக்கு ஆசிரியரைப் பாராட்டுகிற ஒரு பள்ளியை நான் பார்க்க வேண்டும். சரி, விடுங்கள்.

உங்கள் விஷயத்துக்கு. படிவத்தை எதிர்த்துப் போராடச் சொல்ல மாட்டேன், வேலைக்குப் புதியவராக இருந்தால் நிச்சயமாக வேண்டாம். அதை நிரப்பிக் கொடுத்துவிடுங்கள். தனியாக, எங்கும் பதிவாகாமல், பக்கத்துப் பாடத்து ஆசிரியர் ஒருவரை மட்டும் பிடியுங்கள். உங்கள் பாடம் தெரிந்தவரைவிட, உங்கள் பிள்ளைகளையே வேறு பாடத்தில் பார்க்கிறவர் நல்லது. முதலில் நீங்கள் அவர் வகுப்புக்குப் போவதாகக் கேளுங்கள், அவரை உங்கள் வகுப்புக்குக் கூப்பிடுவது அப்புறம். வகுப்பு முழுவதையும் பார்க்க முயலாமல் இரண்டு மூன்று பிள்ளைகளின் நோட்டை மட்டும் பாருங்கள். வெளியே வந்ததும் "நல்லா நடத்தினீங்க" என்றும் சொல்லாதீர்கள், "இப்படிப் பண்ணியிருக்கலாம்" என்றும் சொல்லாதீர்கள். நோட்டில் கண்டதைச் சொல்லுங்கள். எந்தப் பாடத்தில் ஆரம்பிப்பது என்று தெரியாவிட்டால் வரைபடம், விகிதம், அலகு மாற்றம் இவற்றில் ஒன்றை எடுங்கள். கணிதமும் அறிவியலும் முட்டிக்கொள்ளும் இடங்கள் அவைதான்.

நேரம் எங்கே இருக்கிறது என்று கேட்கப் போகிறவர்களுக்கு முன்கூட்டியே: என் பள்ளியிலும் இல்லை. ஆசிரியர் விடுப்பு எடுத்த வகுப்புகளுக்குக் காவலுக்குப் போகிற பாடவேளைகளில் ஒன்றை இதற்காக விட்டுத்தரும்படி மூன்று பேரும் சேர்ந்து எழுதிக் கொடுத்தோம். தரவில்லை. இப்போதும் மதிய இடைவேளையின் கடைசிப் பதினைந்து நிமிடத்தில்தான் பேசிக்கொள்கிறோம், அதிலும் வேதியியல்காரர் பாதி நாள் வருவதில்லை.