நரம்பு வளர ஊசி போட்டுக்கொள்ளலாமா?

கேள்வி: எனக்கு வயது 31. வீட்டில் கண்ணாடிக் கதவு உடைந்து, வலது மணிக்கட்டில் சுண்டுவிரல் பக்கம் ஆழமாக வெட்டிவிட்டது. அன்றிரவே ஆபரேஷன் செய்து அறுந்த நரம்பைத் தைத்தார்கள். 14 வாரம் ஆகிறது. சுண்டுவிரலும் மோதிர விரலில் பாதியும் இன்னும் மரத்தே கிடக்கின்றன. சாப்பிட உட்கார்ந்தால் சோறு விரலிடுக்கில் சிந்துகிறது. உள்ளங்கை நடுவில் தட்டினால் சுண்டுவிரலில் ஷாக் அடிக்கிறது. தையல் விட்டுப்போய்விட்டதோ என்று பயமாக இருக்கிறது. ஒரு கிளினிக்கில், ‘குரோத் ஃபேக்டர்’ ஊசி மூன்று தடவை போட்டால் நரம்பு சீக்கிரம் வளரும் என்கிறார்கள். போட்டுக்கொள்ளலாமா?

பதில்: முதலில் அந்த ஷாக்கைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். நீங்கள் எழுதியதிலேயே நல்ல செய்தி அதுதான். புதிதாக முளைத்து வரும் நரம்பிழையின் நுனிக்கு மேலுறை இன்னும் வந்திருக்காது. அதனால் அங்கே தட்டினால் சுரீர் என்கிறது. தட்டியது உள்ளங்கையில், மூளையோ அது சுண்டுவிரலிலிருந்து வந்ததாகவே எடுத்துக்கொள்கிறது. 1915-ல், முதல் உலகப் போரில் எதிரெதிர் அணிகளில் இருந்த இரண்டு டாக்டர்கள், ஜெர்மனியின் பால் ஹாஃப்மனும் பிரான்ஸின் ஜூல் டினெலும், தனித்தனியே இதைக் கவனித்து எழுதினார்கள். இன்றும் நாங்கள் விரலால் தட்டித்தான் நரம்பு எதுவரை வந்திருக்கிறது என்று பார்க்கிறோம்.

கணக்கும் சரியாகவே வருகிறது. தைத்த இடத்தைத் தாண்டவே நரம்பிழைகளுக்கு மூன்று நான்கு வாரம் பிடிக்கும். அப்புறம் நாளுக்குச் சுமார் 1 மில்லிமீட்டர். 14 வாரத்தில் நான்கைக் கழித்தால் 70 நாள், அதாவது ஏறக்குறைய 7 சென்டிமீட்டர். உள்ளங்கை நடுதான்! மணிக்கட்டிலிருந்து சுண்டுவிரல் நுனி 15 சென்டிமீட்டர் போல இருக்கும். ஆகவே நுனியில் உணர்ச்சியின் முதல் அறிகுறியே ஆறு, ஏழு மாதத்தில்தான் தெரியும்.

இனி ஊசி விஷயம். நரம்பு அறுந்தால் வெட்டுக்கு அப்பால் உள்ள இழை சில நாட்களில் சிதைந்துவிடும். இதைத் தவளையின் நாக்கில் பார்த்து 1850-ல் எழுதியவர் அகஸ்டஸ் வாலர். இழைதான் போகிறதே தவிர, அதைப் போர்த்தியிருந்த ஷ்வான் செல்கள் போவதில்லை. அதுவரை உறை போடும் வேலை பார்த்தவை, அதை விட்டுவிட்டுக் குப்பையை அகற்றுகின்றன. வரிசையாக நின்று, புது இழை போக வேண்டிய தடத்தைக் காட்டுகின்றன. வளர்ச்சிக் காரணிகளையும் சுரக்கின்றன. கிளினிக்கில் சொன்ன குரோத் ஃபேக்டர் என்பதற்குத் தமிழ் இதுதான். அதாவது உங்கள் கைக்குள் எந்தச் செலவும் இல்லாமல் அந்த மருந்து ஏற்கெனவே ஊறிக்கொண்டிருக்கிறது.

இவற்றில் முதலில் கண்டுபிடிக்கப்பட்டது என்.ஜி.எஃப். என்ற புரதம். இத்தாலியின் ரீட்டா லெவி மோன்டல்சினி, போர்க்காலத்தில் யூதர் என்பதால் வேலை மறுக்கப்பட்டு, டூரின் நகரில் தன் படுக்கையறையிலேயே கோழிக்கருவை வைத்து ஆராய்ச்சி செய்தவர். பிறகு அமெரிக்கா போய் இதைக் கண்டறிந்தார். அதற்காக அவருக்கும் ஸ்டான்லி கோயனுக்கும் 1986-ல் நோபல் பரிசு கிடைத்தது.

அப்படியென்றால் அதையே ஊசியில் ஏற்றினால் என்ன? ஏற்றிப் பார்த்தார்கள். சர்க்கரை நோயால் நரம்பு கெட்டவர்களுக்கு 1990-களில் பெரிய அளவில் கொடுத்துப் பார்த்தும் தேறவில்லை. ஊசி போட்ட இடம்தான் வலித்தது. வலி நரம்புகளைத் தூண்டிவிடுவதும் இதே என்.ஜி.எஃப்.தான். அதனாலேயே இதைத் தடுக்கும் மருந்துகளை வலிநிவாரணியாகச் சோதித்தார்கள்! இன்னொரு காரணியான ஜி.டி.என்.எஃப்.-ஐ எலியின் நரம்பில் ஓரிடத்தில் மட்டும் தொடர்ந்து சுரக்க வைத்தபோது, வந்த இழைகள் அங்கேயே சுருண்டு நின்றுவிட்டன. ஆய்வாளர்கள் இதை மிட்டாய்க்கடை என்றே குறிப்பிடுகிறார்கள். வழியில் அன்னதானப் பந்தல் கிடைத்தவன் ஊர் போய்ச் சேரவில்லை, அவ்வளவுதான். எந்தக் காரணி, எந்த இடத்தில், எந்த நாளில் என்பதுதான் இங்கே சிக்கல். கருவிழி நரம்பு கெட்டுப் புண்ணாகும் நோய்க்கு மட்டும் 2018-ல் அமெரிக்காவில் என்.ஜி.எஃப். சொட்டு மருந்துக்கு அனுமதி கிடைத்தது. கண்ணில் சொட்டு நேராகப் போய்ச் சேர்கிறது. உங்கள் மணிக்கட்டில் அப்படி இல்லை.

கிளினிக்கில் சொன்னது பெரும்பாலும் உங்கள் ரத்தத்தையே எடுத்துச் சுழற்றி, தட்டணுக்களைப் பிரித்துப் போடும் பி.ஆர்.பி. ஊசியாக இருக்கும். நரம்பு நசுங்கும் நோய்களில் சிறுசிறு ஆய்வுகள் உண்டு. அறுந்து தைத்த நரம்பு அதனால் வேகமாக வளரும் என்பதற்குப் போதிய ஆதாரம் இல்லை. ஒழுங்காக வளர்ந்துகொண்டிருக்கும் இடத்தில் ஊசியை விட்டுக் கிளறுவானேன்? என்னைக் கேட்டால் வேண்டாம் என்பேன். பி12 மாத்திரையும் அப்படித்தான். ரத்தத்தில் பி12 குறைவாக இருந்தால் அவசியம் சாப்பிடுங்கள். குறைவில்லாதவருக்கு அது நரம்பை ஓட வைக்காது.

உணர்ச்சி ஒரே நாளில் முழுசாக வந்துவிடாது. 1903-ல் இங்கிலாந்தின் ஹென்றி ஹெட் என்ற டாக்டர், இதைத் தெரிந்துகொள்ளவே தன் கையின் நரம்பை அறுத்துத் தைக்கச் செய்தார். கூட இருந்து ஆண்டுக்கணக்கில் சோதித்தவர் ரிவர்ஸ்; அதற்குச் சற்று முன்புதான் நீலகிரியில் தோடர்களிடையே ஆய்வு செய்துவிட்டுப் போனவர். ஊசியால் குத்தும் வலியும் கடும் சூடும் குளிரும் முன்னால் திரும்பின. பஞ்சு பட்டால் தெரிவதற்கு வெகுநாள் ஆனது. உங்களுக்கும் ஏறக்குறைய இதே வரிசைதான். முன்பிருந்த நுட்பம் நூற்றுக்கு நூறு வராமலும் போகலாம், அதையும் சொல்லிவிட வேண்டும். சோறு சிந்துவது விரல்களை ஒட்டிச் சேர்க்கும் சிறு தசைகள் ஓய்ந்திருப்பதால். நரம்பு வராமல் ஓர் ஆண்டு, ஒன்றரை ஆண்டு கிடந்தால் தசை வீணாகிவிடும். தோள்பட்டையில் நரம்பு அறுந்தவருக்கு அதுதான் பெரிய கவலை. உங்கள் வெட்டு மணிக்கட்டில், தூரம் குறைவு.

அதுவரை விரல் மூட்டுகள் இறுகாமல் பிசியோதெரபி, கொடுத்திருந்தால் ஸ்ப்ளின்ட் (விரல்களைச் சரியான நிலையில் தாங்கிப் பிடிக்கும் பட்டை). உணர்ச்சி வர ஆரம்பித்ததும் கண்ணை மூடிக்கொண்டு துவரம்பருப்பு, காசு, பட்டன் என்று தொட்டுச் சொல்லிப் பழகுங்கள். மூளைக்கும் இது புதுப் பாடம். புகைப்பவரானால் நிறுத்துங்கள். எவர்சில்வர் டம்ளரில் சூடான காபியை இடது கையால் எடுங்கள். மரத்த சுண்டுவிரல் டம்ளரில் ஒட்டிக் கொப்பளித்த பிறகே பலருக்குத் தெரிய வருகிறது.

இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, விரல் நுனியிலிருந்து மணிக்கட்டை நோக்கித் தட்டிக்கொண்டே வாருங்கள். முதலில் ஷாக் அடிக்கும் இடத்தில் பேனாவால் புள்ளி வைத்து, தழும்பிலிருந்து ஸ்கேலால் அளந்து, தேதி போட்டு எழுதுங்கள். இரண்டு மாதமாகியும் புள்ளி நகராவிட்டால், அல்லது தழும்பிலேயே முடிச்சுப் போலத் திரண்டு தாங்க முடியாமல் வலித்தால், தைத்த டாக்டரிடம் உடனே போங்கள். அந்த நோட்டையும் எடுத்துப் போங்கள்.