முந்நூறு ரிங்கிட்டோடு முடிகிற விபத்தா?

கேள்வி: சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் என் அப்பா குத்தகையாளரிடம் செம்பனைக் குலை வெட்டுகிறார். மூன்று வாரங்களுக்கு முன் குலை ஒன்று அவர் தோளில் விழுந்தது. "சொக்சோவுக்கு (மலேசியத் தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு அமைப்பு) எழுதினால் எல்லாருக்கும் தொல்லை" என்று சொல்லி, குத்தகையாளர் 300 ரிங்கிட் கொடுத்துத் தனியார் கிளினிக்குக்கு அனுப்பினார். அங்கே 14 நாள் எம்.சி. (மருத்துவ விடுப்புச் சான்று) கிடைத்தது. எங்கள் கைக்காசு 900 ரிங்கிட் கரைந்துவிட்டது. அப்பாவால் இன்னும் கையைத் தூக்க முடியவில்லை. இனி வழி உண்டா?

பதில்: உண்டு, ஆனால் இன்னும் தாமதிக்காதீர்கள். வேலையிட விபத்தை 48 மணி நேரத்துக்குள் சொக்சோவுக்கு, அதாவது பெர்கேசோவுக்கு, அறிவிக்க வேண்டிய கடமை முதலாளியுடையது. அவர் அதைச் செய்யவில்லை என்றால் உங்கள் தந்தையே அருகிலுள்ள சொக்சோ அலுவலகத்துக்குச் சென்று தெரிவிக்கலாம். குத்தகையாளரிடம் வேலை செய்பவருக்குத் தோட்ட நிர்வாகம் பொறுப்பில்லை என்று லயத்தில் பலர் சொல்வார்கள். 1969ஆம் ஆண்டுத் தொழிலாளர் சமூகப் பாதுகாப்புச் சட்டமோ, இடையில் குத்தகையாளர் இருந்தாலும், சொக்சோ சந்தா செலுத்தும் கடமையை முதன்மை முதலாளியின் மீதுதான் வைக்கிறது.

அந்த 300 ரிங்கிட்டின் உண்மை மதிப்பைக் கணக்கிட்டுப் பாருங்கள். விபத்து நாளையும் சேர்த்துக் குறைந்தது நான்கு நாள் எம்.சி. இருந்தால், சராசரி நாள் ஊதியத்தில் 80 விழுக்காடு தற்காலிக ஊனப் பலனாகக் கிடைக்கும். நாளுக்கு 30 ரிங்கிட்டுக்குக் குறையாது. அந்தச் சராசரி 60 ரிங்கிட் என்று கணிக்கப்பட்டால் 14 நாளுக்கு 672 ரிங்கிட் வரும். தோள் முழுமையாகக் குணமாகாவிட்டால் நிரந்தர ஊனப் பலன் தனியே இருக்கிறது. மருத்துவர் குழு ஊனத்தின் அளவை மதிப்பிட்டு அதை முடிவு செய்யும்.

மருத்துவச் செலவில்தான் நீங்கள் அதிகம் இழந்திருக்கிறீர்கள். வேலையிடக் காயத்துக்கு சொக்சோவின் பட்டியலில் உள்ள கிளினிக்கிலோ அரசு மருத்துவமனையிலோ இலவசச் சிகிச்சை பெறலாம். தனியார் கிளினிக்கில் கட்டிய பணம் திரும்பும் என்று நம்பியிருக்க வேண்டாம். ரசீதுகளைக் கொண்டுபோய்க் கேட்டுப் பாருங்கள், ஆனால் அடுத்த சிகிச்சையை இப்போதே அரசு மருத்துவமனைக்கு மாற்றிவிடுங்கள். அங்கே "தோள் வலி" என்று மட்டும் சொல்லாமல், எந்தத் தேதியில், எந்த நிரையில், குலை எப்படி விழுந்தது என்பதை மருத்துவர் அட்டையில் எழுதும்படி கேளுங்கள். அந்தக் காலத்துத் தோட்டத்து ஆஸ்பத்திரி டிரஸ்ஸர், சிவப்பு மருந்து தடவியதோடு நில்லாமல், அடிபட்டவர் பெயரையும் தம் நோட்டில் எழுதி வைப்பார். இன்று அந்த ஒரு வரிக்காக நாமே வாய் திறந்து கேட்க வேண்டியிருக்கிறது.

இதை இவ்வளவு வற்புறுத்துவதற்குக் காரணம் உண்டு. அமெரிக்காவில் 2007ஆம் ஆண்டின் வேலையிடக் காயங்கள், நோய்களுக்கான செலவை ஆராய்ந்து, ஜே. பால் லீ, ஜேம்ஸ் மார்சின் ஆகிய இருவர் 2012இல் வெளியிட்ட மதிப்பீட்டின்படி, தொழிலாளர் இழப்பீட்டு முறை ஏற்றது மொத்தச் செலவில் ஏறத்தாழ 21 விழுக்காடு மட்டுமே. மற்றது தொழிலாளியின் குடும்பம், மருத்துவக் காப்புறுதி, அரசுத் திட்டங்கள் ஆகியவற்றின் தலையில் விழுந்தது. அந்நாட்டு முறை வேறு என்பதால் அந்த எண்ணை இங்கே பொருத்த நான் துணியமாட்டேன். ஆனால் செலவு கைமாறும் விதம் நமக்குப் பழக்கமானதே: பதிவாகாத காயம் சாதாரண நோயாகிவிடுகிறது, பில் அடகுக் கடையில் போய் முடிகிறது. சொக்சோவில் காப்புறுதி பெற்ற தொழிலாளி, வேலையிடக் காயத்துக்காக முதலாளியை வழக்கில் இழுக்கும் உரிமையைச் சட்டப்படி விட்டுக்கொடுத்திருக்கிறார். அதற்கு ஈடாகக் கிடைப்பதே இந்தப் பலன்கள். வழக்கும் இல்லாமல் பலனும் இல்லாமல் உங்கள் தந்தையை நிறுத்துவதை நான் உதவி என்று சொல்லமாட்டேன்.

அலுவலகத்துக்குப் போகும்போது அடையாள அட்டை, எம்.சி., ரசீதுகள், சம்பளச் சீட்டு ஆகியவற்றோடு, குலை விழுந்ததைக் கண்ட இருவரின் பெயர்களையும் எடுத்துச் செல்லுங்கள். மண்டோர் (வேலை மேற்பார்வையாளர்) பார்த்திருந்தால் அவர் பெயரும் வேண்டும். சம்பளச் சீட்டு இல்லையென்றால், குலைக்கணக்கு எழுதிய துண்டுத் தாள்கூட வேலை செய்ததற்குச் சான்றாக உதவும். இதற்கிடையில் குத்தகையாளர் மேலும் பணத்தோடு ஒரு தாளையும் நீட்டினால், சொக்சோ அதிகாரியிடம் காட்டாமல் உங்கள் தந்தை அதில் கையெழுத்திட வேண்டாம்.