சாவியும் மிளகாயும்: போர்த்துகல் வாடகை வீடுகள் பற்றிக் கேள்வி பதில்

பினாங்கு ஆயர் ஈத்தாமில் உட்கார்ந்துகொண்டு போர்த்துகலைப் பற்றிப் பேச நான் யார் என்று ஒருவர் கேட்டிருக்கிறார். ஆறு முறை போய்வந்தவள். ஒருமுறைகூட ஹோட்டலில் தங்கியதில்லை. தெற்கே அல்கார்வ் கரையில் வீடு எடுத்து, சந்தையில் மீன் வாங்கி, நானே சமைத்துச் சாப்பிடுவேன். கிரீஸ், குரோஷியா பற்றிக் கேட்டவர்கள் மன்னிக்க வேண்டும். அங்கெல்லாம் நான் அடுப்பு பற்றவைத்ததில்லை.

கிள்ளான் வாசகி: அக்கா, நாங்கள் எட்டுப் பேர், மூன்று தலைமுறை. ஹோட்டலா, வீடா? எந்த ஊர்?

வீடுதான். இரவு பத்து மணிக்கு மாமியாருக்கு ரசஞ்சோறு வேண்டுமென்றால் எந்த ஹோட்டலும் தராது. ஊர் என்று கேட்டால், முதியவர்கள் இருப்பதால் தவீரா. ஆற்றங்கரை ஊர், பழைய பாலம், வெள்ளை வீடுகள், கூட்டம் குறைவு. கடற்கரை எதிரேயுள்ள மணல் தீவில் இருக்கிறது. படகில் பத்து, பதினைந்து நிமிடம். அல்புஃபெய்ரா இளைஞர்களின் இரவுக் கூத்துக்கான ஊர், தூக்கம் வராது. லாகோஷ் அழகுதான், ஆனால் பல கடற்கரைகளுக்குச் செங்குத்தான படிகளில் இறங்க வேண்டும். அங்குள்ள பாறைச் சுவர்களின் நிழலில் பாய் விரிக்காதீர்கள். 2009 ஆகஸ்டில் அல்புஃபெய்ரா அருகே மரியா லூயிசா கடற்கரையில் அப்படிப்பட்ட பாறை இடிந்து ஐந்து பேர் இறந்தார்கள். எச்சரிக்கைப் பலகை வைத்திருப்பார்கள்; நம்மவர்கள் அதன் அருகே நின்று படம் எடுப்பார்கள்.

வீட்டைத் தேர்ந்தெடுக்கும்போது கீழ்த்தளத்தில் ஒரு படுக்கையறையாவது இருக்கிறதா என்று பாருங்கள். அதற்கும் முன்னால் ஏஎல் எண்ணைப் பாருங்கள். பயணிகளுக்கு வாடகைக்கு விடும் வீடுகள் அங்கே அரசிடம் பதிந்திருக்க வேண்டும். விளம்பரத்திலேயே ஓர் எண்ணும் அதன் பின்னால் ஏஎல் என்ற எழுத்துகளும் இருக்கும். சுற்றுலாத் துறையின் பொதுப் பதிவேட்டில் அதைத் தேடிப் பார்க்கலாம். எண் இல்லையென்றால் வீடு எவ்வளவு அழகாக இருந்தாலும் விட்டுவிடுங்கள். என் தோழி ஒருத்தி எண்ணைக் கேட்காமல் 3,000 வெள்ளி முன்பணத்தை நேராக ஒருவரின் வங்கிக் கணக்குக்கு அனுப்பினாள். போய் இறங்கியபோது அந்த முகவரியில் ஒரு பல் மருத்துவமனை இருந்தது.

ஷா ஆலம் வாசகர்: டிசம்பர் பள்ளி விடுமுறையில் நீச்சல் குளம் உள்ள வீடு எடுக்கலாமா?

எடுக்கலாம், பார்த்துக்கொண்டிருக்கலாம். டிசம்பரில் பகலிலேயே 16, 17 பாகைதான். மழையும் உண்டு. பல வீடுகள் வெயிலுக்காகக் கட்டியவை. தரையெல்லாம் ஓடு, வெப்பமூட்டி பெயருக்கு ஒன்று. நான் ஒரு ஜனவரியில் போர்வையைச் சுற்றிக்கொண்டு தோசை வார்த்திருக்கிறேன். மே, ஜூன் விடுமுறையில் போங்கள், முடிந்தால் செப்டம்பரில். ஆகஸ்டிலும் கடல் நீர் 20, 22 பாகைதான் என்பதை மட்டும் நினைவில் வையுங்கள். அது அட்லாண்டிக். நம் பினாங்கின் பத்து ஃபிரிங்கி கடற்கரையில் இறங்குவது போல் இறங்கினால் அலறிக்கொண்டு வெளியே வருவீர்கள்.

பட்டர்வொர்த் வாசகி: இங்கிருந்து என்னென்ன சமையல் பொருள்கள் கொண்டுபோகலாம்?

வாடகை வீட்டின் சுகமே இதில்தான் இருக்கிறது.

இறைச்சியும் பாலில் செய்தவையும் ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் கொண்டுபோக முடியாது. நெய்யும் அதில் சேரும். சுங்கத்தில் குப்பைக்குத்தான் போகும். மீன் அப்படியல்ல, ஓர் ஆளுக்கு 20 கிலோ வரை அனுமதி. ஆகவே இக்கான் பிலிஸ், அதாவது நெத்திலிக் கருவாடு, தாராளமாக வரலாம். பச்சைக் கறிவேப்பிலைக்குத் தாவர நலச் சான்றிதழ் வேண்டும். வேடிக்கை என்னவென்றால், அந்தச் சான்றிதழ் தேவையில்லாத ஐந்தே பழங்களில் டுரியானும் ஒன்று. கறிவேப்பிலைக்குத் தடை, டுரியானுக்கு வரவேற்பு! விமான நிறுவனம் ஏற்றுமா என்பது வேறு கதை.

மசாலாத் தூள், புளி, பருப்பு போதும். மற்றதெல்லாம் அங்கே வாங்குங்கள். பாஸ்மதி அரிசி பெரிய கடைகளில் கிடைக்கும். அவர்களுடைய கரோலினோ அரிசி குட்டையாக, குழைவாக இருக்கும், பொங்கலுக்கு அருமை. கொத்தமல்லித் தழையை ஐரோப்பாவில் பல இடங்களில் தேடி அலைய வேண்டும். தெற்குப் போர்த்துகலில் அதுவே அன்றாடத் தழை, கட்டுக் கட்டாகக் கிடக்கும். பக்கல்யாவ் என்ற உப்புக்கண்ட மீனைப் பலகை போல் அடுக்கி வைத்திருப்பார்கள். நம் கருவாட்டின் அண்ணன்தான். ஒரு நாளுக்குக் குறையாமல், தண்ணீரை மாற்றி மாற்றி ஊறவைக்க வேண்டும். அவசரப்பட்டால் உப்பு வாயைக் கிழித்துவிடும்.

மீனுக்கு ஒல்யாவ் நகரத்துக்குப் போங்கள். நீர்க்கரையில் செங்கல் நிறத்தில் இரண்டு சந்தைக் கட்டடங்கள். ஒன்றில் மீன், மற்றொன்றில் காய்கறி. சனிக்கிழமை காலை எட்டு மணிக்குள் போனால் மத்தி துள்ளாத குறைதான். மிளகாய்க்கு மட்டும் மூட்டை கட்ட வேண்டாம். நமக்கு மிளகாயைக் கொண்டுவந்தவர்களே அவர்கள்தான்.

செர்டாங் வாசகர்: கடைசி வரியை ஏற்க முடியாது. மிளகாய் இல்லாமல் தமிழன் சமைத்தானா?

சமைத்தான், மிளகைப் போட்டு. மிளகாய் அமெரிக்கக் கண்டத்துச் செடி. கொலம்பஸ் அங்கே போனது 1492-இல்; போர்த்துகீசியர் கோழிக்கோட்டில் இறங்கியது 1498-இல். மிளகாய் அவர்கள் கப்பலில் 16-ஆம் நூற்றாண்டில் வந்தது. பெயரைப் பாருங்கள்: மிளகு போல் உறைக்கும் காய், மிளகாய். பட்டினப்பாலையில் வரும் ‘கருங்கறி மூடை’ மிளகு மூட்டைதான்.

செர்டாங் வாசகர்: 1511-இல் மலாக்காவைப் பிடித்தவர்களுக்கு இவ்வளவு வக்காலத்தா?

வக்காலத்து இல்லை. போர்த்துகீசியத் தளபதி அல்புகெர்க்கே மலாக்காவில் செய்தது தெரியும். லாகோஷுக்குப் போனால், 1444-இல் ஆப்பிரிக்க அடிமைகளைக் கப்பலிலிருந்து இறக்கி விற்ற ஊர் இது என்பதை அங்குள்ள அருங்காட்சியகத்தில் பார்த்துவிட்டுத்தான் கடற்கரைக்குப் போக வேண்டும் என்று என் வீட்டாருக்கே சொல்வேன். ஆனால் மிளகாயின் ஊரை அதற்காக மாற்ற முடியாது. சாவி, ஜன்னல், அலமாரி எல்லாமே அவர்கள் மொழியிலிருந்து வந்தவை. ஜன்னல் அங்கே ‘ஜனேலா’, மலாயில் ‘ஜெண்டெலா’. வீட்டுக்காரர் ‘ஷாவ்’ என்று நீட்டினால் சாவியை வாங்கிக்கொள்ளுங்கள்.

தைப்பிங் ஆசிரியை: ஏலத்தை விட்டுவிட்டீர்களே அக்கா! ‘லெய்லாவ்’ நமக்கு ஏலம், இரவுச் சந்தையில் ‘லேலோங், லேலோங்’.

அருமை. செர்டாங்காரர் படிக்கட்டும்.

செந்தூல் வாசகர்: டிசம்பரில் குளத்து நீர் எப்படி இருக்கும்?

மேலே பாருங்கள்.

ஈப்போ வாசகர்: கார் அவசியமா?

ஊருக்கு வெளியே வீடு என்றால் அவசியம். வலப்பக்கம் ஓட்டும் நாடு. முதல் வட்டச் சந்திப்பில் எல்லாருக்கும் கை நடுங்கும். ஜேபிஜே (நம் சாலைப் போக்குவரத்துத் துறை) தரும் அனைத்துலக ஓட்டுநர் அனுமதியை மறக்காதீர்கள். தானியங்கி கியர் வேண்டுமென்று பதியும்போதே கேளுங்கள். கேட்காதவருக்குக் கையால் மாற்றும் கியர்தான் வரும். லிஸ்பனிலிருந்து தெற்கே இறங்கும் ஏ2 நெடுஞ்சாலைக்குச் சாலைக் கட்டணம் உண்டு. அல்கார்வின் குறுக்கே ஓடும் ஏ22-க்கு 2025 ஜனவரி முதல் இல்லை. பழைய குறிப்புகளைப் படித்துக் குழம்பாதீர்கள்.

புக்கிட் மெர்தாஜாம் வாசகி: வீட்டுக்காரர் எல்லாருடைய கடப்பிதழ் விவரமும் கேட்கிறார். பயமாக இருக்கிறது.

வெளிநாட்டு விருந்தினர் விவரத்தை அரசுக்குத் தெரிவிப்பது அவர் கடமை. கொடுங்கள். ஏஎல் எண்ணைச் சரிபார்த்தபின் கொடுங்கள்.

காஜாங் வாசகர்: விசா? மின்செருகி? சோற்றுப்பானை?

மலேசியக் கடப்பிதழுக்கு 180 நாளில் 90 நாள்வரை விசா வேண்டாம். செருகி இரண்டு உருண்டைக் கம்பி. மாற்றி ஒன்று வாங்குங்கள். மின்னழுத்தம் 230 வோல்ட், நம் சோற்றுப்பானை நன்றாகவே வேகவைக்கும்.

சுங்கை பட்டாணி வாசகி: சம்பல் கிளறினால் வீடு நாறும் என்று அபராதம் போடுவார்களா?

பல வீடுகளில் வெளியே கரியடுப்பு இருக்கும்; அங்கே கிளறுங்கள். ஆனால் கோடையில் காட்டுத்தீ அபாய நாள்களில் கிராமப்புறத்தில் வெளியே நெருப்பு மூட்டத் தடை வரும். அன்று ஜன்னலைத் திறந்துவைத்து உள்ளேயே சமையுங்கள். இந்த ஜன்னல் எங்கிருந்து வந்தது என்று செர்டாங்காரரிடம் கேளுங்கள்.

ரவாங் வாசகர்: டிசம்பரில் வெந்நீர்க் குளம் உள்ள வீடு கிடைக்குமா?

கிடைக்கும். சூடாக்கத் தனிக் கட்டணம். சூடாக்கினாலும் குளத்திலிருந்து வீட்டு வாசல்வரை ஈர உடம்போடு நடக்க வேண்டியவர் நீங்கள்தான். டிசம்பர் பற்றிய கேள்விகளை இத்துடன் நிறுத்திக்கொள்வோம்.

செர்டாங் வாசகர்: சரி அக்கா, ஒப்புக்கொள்கிறேன். சாவி வருவதற்கு முன் நாம் என்ன சொன்னோம்?

திறவுகோல். உங்களுக்குத்தான் முக்கியமான ஒன்று சொல்ல வேண்டும். விமானம் இரவில் இறங்கினால் வீட்டுக்காரர் காத்திருக்க மாட்டார். வாசலருகே எண்பூட்டுப் பெட்டிக்குள் திறவுகோல் இருக்கும். அந்த எண்ணைக் கைப்பேசியில் மட்டும் வைத்துக்கொள்ளாமல் ஒரு தாளிலும் எழுதிச் சட்டைப்பையில் வையுங்கள்.