விலை இறங்கினால் நல்லதுதானே?

கேள்வி: 1930-களின் பெருமந்தத்தில் நெல், மல்லாட்டை (நிலக்கடலை) எல்லாமே பாதி விலைக்கு வந்துவிட்டதாகப் படித்தேன். விலை குறைந்தால் ஏழைகளுக்கு நல்லதுதானே? அதை ஏன் கஷ்ட காலம் என்கிறார்கள்?
– ஒரு வாசகர், நெல்லிக்குப்பம்

பதில்: மாதச் சம்பளம் நிற்காமல் வந்தவர்களுக்கு நல்லதாகத்தான் இருந்திருக்கும். ஆனால் அன்றைக்கு நம் தென்னாற்காடு மாவட்டத்தில் அப்படிப்பட்டவர்கள் எத்தனை பேர்? விளைய வைத்து விற்பவர்களும், அவர்கள் நிலத்தில் கூலிக்குப் போகிறவர்களும்தான் ஊர் முழுக்க. இங்கே விளைந்த மல்லாட்டை புதுச்சேரித் துறைமுகம் வழியாகக் கப்பலேறி பிரான்சின் மார்செய் எண்ணெய் ஆலைகளுக்குப் போய்க்கொண்டிருந்தது. அதனால்தான் 1929 அக்டோபரில் நியூயார்க் பங்குச் சந்தை சரிந்து உலக வியாபாரம் படுத்தபோது, அமெரிக்கா எந்தத் திசையில் இருக்கிறது என்றே தெரியாத நம் விவசாயிக்கும் அடி விழுந்தது.

ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். மூட்டை பத்து ரூபாய் விற்கும்போது ஒருவர் நூறு ரூபாய் கடன் வாங்குகிறார் என்று வைத்துக்கொள்வோம். பத்து மூட்டை விற்றால் அசல் அடைந்துவிடும். விலை ஐந்து ரூபாய்க்கு இறங்கினால் அதே கடனுக்கு இருபது மூட்டை வேண்டும், நிலமோ பழைய அளவுதான் கொடுக்கும். பத்திரத்தில் எழுதிய தொகை ஒரு பைசாகூட ஏறவில்லை, ஆனாலும் கடன் இரண்டு மடங்காகிவிட்டது. கிஸ்தி என்கிற நிலவரியும் அப்படியேதான், முப்பது வருஷத்துக்கு ஒருமுறை நிர்ணயித்த தொகையை விலை ஏறினாலும் இறங்கினாலும் ரொக்கமாகக் கட்டியாக வேண்டும், கட்டாவிட்டால் ஜப்தி.

எங்கள் வீட்டில் ஒரு பித்தளைத் தவலை இருக்கிறது. விளிம்புக்குக் கீழே புள்ளி புள்ளியாக ஒரு பெண்ணின் பெயர் வெட்டியிருக்கும், எங்கள் குடும்பத்தில் அந்தப் பெயரில் யாருமே கிடையாது. அந்தக் காலத்தில் மஞ்சக்குப்பத்தில் யாரோ எடைக்குப் போட்டதைக் கொள்ளுத்தாத்தா வாங்கி வந்தார் என்று பாட்டி சொல்வார். பிறந்த வீட்டுச் சீராக வந்த, பெயர் வெட்டிய பாத்திரத்தையே ஒரு பெண் எடைக்குப் போட்டிருக்கிறாள் என்றால் அதற்கு முன்னால் அந்த வீட்டிலிருந்து என்னென்ன போயிருக்கும்! "குதிர்ல நெல்லு இருந்துதுடா, கையிலதான் காசு இல்ல" என்பார் பாட்டி. பெருமந்தம் பற்றி நான் படித்த எதுவும் இதைவிடத் தெளிவாகச் சொன்னதில்லை.

பாத்திரத்தோடும் நிற்கவில்லை. 1931 செப்டம்பரில் பிரிட்டன், பணத்தின் மதிப்பைத் தங்கத்தோடு கட்டிவைத்திருந்த முறையைக் கைவிட்டதும் தங்கத்தின் விலை ஏறியது, கிராமத்துப் பெண்களின் காதிலும் கழுத்திலும் இருந்தது அடகுக்கடை வழியாகக் கப்பலேறி லண்டனுக்குப் போனது. ஆட்சியாளர்கள் அதைத் தடுக்கவில்லை. இந்த இடத்தில் எனக்கு இன்றைக்கும் கோபம் வருகிறது. 1938-இல் ராஜாஜி அமைச்சரவை விவசாயிகள் கடன் நிவாரணச் சட்டம் கொண்டுவந்தது. பழைய கடன்களில், அசலைப் போல இரண்டு மடங்கு ஏற்கெனவே கட்டியிருந்தால் கடன் தீர்ந்ததாகக் கணக்கு. நல்ல சட்டம்தான், ஆனால் அதற்குள் எத்தனையோ பேர் நிலத்தை எழுதிக் கொடுத்துவிட்டார்கள்.

கேள்வி: காலம் கெட்டுக் கிடக்கும்போது எல்லாரும் செலவைக் குறைத்துச் சேர்த்து வைப்பதுதானே புத்திசாலித்தனம்?
– ஒரு வாசகி, முத்தியால்பேட்டை

பதில்: உங்கள் வீட்டுக்குச் சரி, நாட்டுக்குச் சரிவராது. நீங்கள் இந்த வருஷம் புடவை வேண்டாம் என்று விட்டால் ஜவுளிக்கடைக்காரர் சரக்கு எடுக்க மாட்டார், உங்கள் தெருவிலேயே ஒரு நெசவாளிக்குப் பாவு கிடைக்காது, அவர் வீட்டில் பால் கணக்கை நிறுத்துவார்கள், பால்காரர் மாட்டை விற்பார். எல்லாரும் ஒரே சமயத்தில் முடிச்சை இறுக்கினால் எல்லார் வருமானமும் இறங்கும், கடைசியில் சேர்த்து வைக்கவும் ஒன்றும் இருக்காது. கெயின்ஸ் என்ற பொருளாதார அறிஞர் வற்புறுத்தியது இதைத்தான். அந்த நேரத்தில் அரசாங்கம்தான் கடன் வாங்கியாவது ரோடு போட்டு, ஏரி வெட்டி, கூலி கொடுக்க வேண்டும். 2020 ஊரடங்கில் புதுச்சேரி கடற்கரைச் சாலை வெறிச்சென்று கிடந்ததைப் பார்த்திருப்பீர்களே, சுண்டல் விற்கிறவர், ஆட்டோ ஓட்டுகிறவர், ஓட்டலில் அறை கூட்டுகிற பெண் என்று வரிசையாக எல்லார் கையும் காலியானது. அந்த ஏப்ரல் முதல் ஜூன் வரையிலான மூன்று மாதத்தில் நாட்டின் மொத்த உற்பத்தியில் ஏறக்குறைய கால்வாசி குறைந்தது.

கேள்வி: மந்தத்தில் வெளிநாடு போனவர்கள் கதி என்ன ஆனது? என் மகன் துபாயில் இருக்கிறான்.
– ஒரு வாசகர், பரங்கிப்பேட்டை

பதில்: அன்றைக்கு துபாய் இடத்தில் மலேயாவும் பர்மாவும் இருந்தன. ரப்பர் விலை விழுந்ததும் மலேயாத் தோட்டங்கள் ஆளைக் குறைத்தன, 1930-லிருந்து இரண்டு மூன்று வருஷத்துக்குள் லட்சக்கணக்கான தமிழர்கள் நாகப்பட்டினத்திலும் சென்னையிலும் வந்து இறங்கினார்கள். மணியார்டர் வந்துகொண்டிருந்த வீட்டுக்கு ஆளே வந்து நின்றார், இங்கேயும் வேலை இல்லை. பர்மாவில் நடந்தது இன்னும் மோசம். நெல் விலை சரிந்து கடனைக் கட்ட முடியாத விவசாயிகளின் நிலம், தமிழ்நாட்டிலிருந்து போன செட்டியார்களின் வட்டிக்கடைகள் கைக்கு வந்தது. கீழ் பர்மாவின் 13 நெல் மாவட்டங்களில் 1930-இல் நூற்றுக்கு 6 பங்காக இருந்த செட்டியார்கள் நிலம் 1938-இல் 25 ஆனது. அவர்கள் கேட்டது பணம், கிடைத்தது விற்க முடியாத வயல். நிலம் இழந்தவனுக்கு உலகச் சந்தை கண்ணில் படாது, எதிரே நிற்கிற தமிழன்தான் படுவான். அந்த வெறுப்பு பல வருஷம் புகைந்தது. உங்கள் மகனிடம் இப்போதைக்கு ஒன்று மட்டும் சொல்லுங்கள், அங்கே கிடைக்கிற சம்பளத்தை நம்பி இங்கே பெரிய வீட்டுக்கடன் வாங்க வேண்டாம்.

கேள்வி: வங்கி திவாலானால் நம் பணம் வருமா?
– ஒரு வாசகி, வில்லியனூர்

பதில்: அமெரிக்காவில் 1930 முதல் 1933 வரை ஏறக்குறைய 9,000 வங்கிகள் மூடப்பட்டன, பலருக்கு ஆயுள் சேமிப்பே போனது, அதற்கப்புறம்தான் அங்கே வைப்புத்தொகைக் காப்பீடு வந்தது. நம் நாட்டில் 1962-இல் தொடங்கினார்கள். 2020 பிப்ரவரியிலிருந்து ஒருவருக்கு ஒரு வங்கியில் 5 லட்சம் ரூபாய் வரை காப்பீடு உண்டு, வட்டியும் அதற்குள்ளேயே அடக்கம், அதே வங்கியின் வேறு கிளையில் போட்டாலும் சேர்த்துத்தான் கணக்கு. பெரும்பாலான கூட்டுறவு வங்கிகளுக்கும் பொருந்தும். நகைச்சீட்டு, தீபாவளிச் சீட்டு, தெருவில் பிடிக்கிற ஏலச்சீட்டு எதற்கும் இது கிடையாது. வீட்டில் அம்மா, அத்தை யாராவது சீட்டு கட்டிக்கொண்டிருந்தால் இதை உட்கார வைத்து விளக்கிச் சொல்லுங்கள்.