அப்பாவின் ஹெரால்டுக்கு மாருதி எஞ்சின் வைக்கலாமா?

கேள்வி: அப்பா வைத்திருந்த 1966 மாடல் ஸ்டாண்டர்ட் ஹெரால்டு, இரண்டு கதவு வண்டி, அவர் இறந்தபின் எட்டு வருடமாக ஷெட்டில் நிற்கிறது. ஆர்.சி. இன்னும் அவர் பெயரில்தான் இருக்கிறது. ஒரு புரோக்கர் வந்து பார்த்துவிட்டு, "பழைய எஞ்சின் தேறாது. மாருதி 800 எஞ்சினை வைத்து, மேல்கூரையைக் கழற்றி, சிவப்பு அடித்தால் ஸ்போர்ட்ஸ் கார் ஆகிவிடும். விண்டேஜ் நம்பரும் வாங்கித் தருகிறேன்" என்கிறார். ஞாயிற்றுக்கிழமைகளில் குடும்பத்தோடு ஓட்ட ஆசை. செய்யலாமா?
– வாசகர், திருச்சி

பதில்: செய்யாதீர்கள். அந்தப் புரோக்கர் எஞ்சினை ஒரு தடவையாவது கையால் சுற்றிப் பார்த்தாரா என்று கேளுங்கள். பார்த்திருக்க மாட்டார். தேறாது என்று சொன்னால்தான் அவருக்கு இரண்டு வியாபாரம் நடக்கும்: மாருதி எஞ்சின் ஒன்றை உங்கள் தலையில் கட்டலாம், கழற்றிய ஹெரால்டு எஞ்சினை இன்னொருவருக்கு நல்ல விலைக்குத் தள்ளலாம்.

ஸ்போர்ட்ஸ் கார் ஆசைக்கு ஒன்று சொல்கிறேன். இங்கிலாந்தில் 1962ல் வந்த ட்ரையம்ஃப் ஸ்பிட்ஃபயர் என்ற ஸ்போர்ட்ஸ் கார், ஹெரால்டின் சேசிஸை, அதாவது அடிச்சட்டத்தை, குறுக்கிச் செய்த வண்டிதான். இரண்டையும் வரைந்தவர் இத்தாலிய கார் வடிவமைப்பாளர் மிச்செலோட்டி. சென்னையில் செய்த ஹெரால்டுகள் சென்னைக்கு அருகே சோழவரத்தின் பழைய விமான ஓடுதளத்தில் பந்தயம் ஓடியிருக்கின்றன. ஆகவே சிவப்பு அடித்துத்தான் அதை ஸ்போர்ட்ஸ் கார் ஆக்க வேண்டும் என்பதில்லை. கூரை விஷயத்தில் அவர் சொன்னது பாதி உண்மை, இந்த வண்டியில் அது போல்ட் கழற்றினால் வந்துவிடும். மழைக்கு என்ன செய்வீர்கள் என்பதை அவர் சொல்லியிருக்க மாட்டார்.

இப்போதைக்குச் சாவியைத் திருப்பாதீர்கள். ஸ்பார்க் பிளக் நான்கையும் கழற்றி, ஒவ்வொரு சிலிண்டரிலும் இரண்டு ஸ்பூன் எஞ்சின் ஆயில் விட்டு இரண்டு நாள் ஊற விடுங்கள். அப்புறம் டாப் கியரில் போட்டு, ஆள் வைத்து வண்டியை மெல்ல முன்னும் பின்னும் அசையுங்கள். எஞ்சின் சுற்றினால் முக்கால் கவலை தீர்ந்தது. சுற்றாவிட்டாலும் பயப்பட வேண்டாம், 948 சி.சி. எஞ்சின் அது, போரிங் போட்டு, அதாவது சிலிண்டரைக் கடைந்து, சரிசெய்யத் தெரிந்த லேத் பட்டறைகள் இன்னும் இருக்கின்றன. பெட்ரோல் டேங்கைக் காலி செய்யுங்கள். பழைய ரப்பர் ஹோஸ்களையும் பம்ப் டயஃப்ரமையும் எத்தனால் தாங்கும் ரகமாக மாற்றுங்கள், இப்போது பங்க்கில் வருவது 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல்.

ஓட்டுவதற்கு முன் பிரேக். இந்த வண்டியில் நான்கு சக்கரத்துக்கும் சேர்த்து ஒரே லைன். ஒரு வீல் சிலிண்டர் கசிந்தால் பெடல் தரையைத் தொடும், எந்தச் சக்கரமும் பிடிக்காது. ரப்பர் கப் எல்லாம் புதிதாகப் போடாமல் தெருமுனைகூடப் போகாதீர்கள்.

அடுத்தது நான் எல்லோரிடமும் சொல்லி அலுத்துப்போன விஷயம். முன்சக்கரம் திரும்பும் இடத்தில், அடியில் ட்ரன்னியன் என்று ஒரு வெண்கலத் துண்டு இருக்கிறது. அதற்குள் விட வேண்டியது 90 நம்பர் கியர் ஆயில். நம் மெக்கானிக்குகள் எண்ணெய் விடும் நிப்பிளைப் பார்த்ததும் கிரீஸ் கன்னை வைத்து அழுத்திவிடுவார்கள். கிரீஸ் கெட்டிப்பட்டு மரைக்குள் போகாமல் நிற்கும், தண்ணீர் போகும். உள்ளே இருக்கிற இரும்புத் தண்டு துருப்பிடித்து ஒருநாள் திருப்பத்தில் முறியும், சக்கரம் மடங்கி உள்ளே போய்விடும். உங்கள் வண்டியில் இரண்டு பக்கமும் கழற்றிப் பாருங்கள். மரை அரித்திருந்தால் மாற்றுங்கள். ஸ்பிட்ஃபயர் புண்ணியத்தில் இங்கிலாந்தில் இன்னும் புதிதாகவே கிடைக்கிறது, என்ன, கஸ்டம்ஸில் பார்சல் கிடக்கும் கொடுமையைப் பொறுத்துக்கொள்ள வேண்டும். வண்டி ஓடி, நின்று, திரும்பிய பிறகு டிங்கரிங், பெயிண்ட் பற்றி யோசிக்கலாம். அப்போதும் ஒரு சின்னக் காந்தத்தைச் சட்டைப்பையில் வைத்திருங்கள். ஒட்டாத இடத்தில் தகடு இல்லை, ஓட்டையை மூடப் பூசிய பட்டிதான் இருக்கிறது.

இனி விண்டேஜ் நம்பர். 2021ல் வந்த மத்திய விதிப்படி 50 வருடம் தாண்டி, சேசிஸ், பாடி, எஞ்சின் மாறாமல் அசல் நிலையில் இருக்கும் வண்டிதான் விண்டேஜ். மாருதி எஞ்சின் வைத்த மறுநிமிடம் அந்தத் தகுதி போய்விடும். அதைச் செய்யும் ஆளே விண்டேஜ் நம்பரும் தருவாராம்! போதாதற்கு, தொழிற்சாலைக் குறிப்புக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்று 2019ல் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது.

இதில் ஒரே ஒரு விலக்கு. எஞ்சினின் பிளாக்கே, அதாவது சிலிண்டர்கள் இருக்கும் வார்ப்பே, விரிசல் விட்டிருந்தால் எஞ்சினை மாற்றத்தான் வேண்டும். அப்போதும் இன்னொரு ஹெரால்டின் அதே எஞ்சின், இல்லையென்றால் பின்னால் வந்த கெசல் காரின் எஞ்சின், அதுவும் அதே 948தான். விற்றவரின் ரசீது, அந்தப் பழைய வண்டியின் ஆர்.சி. நகல், பட்டறை பில் மூன்றையும் வாங்கி, முதலில் ஆர்.டி.ஓ.விடம் எழுத்தில் அனுமதி வாங்கிய பிறகே அதைப் பொருத்துங்கள். புதிய எஞ்சின் நம்பர் ஆர்.சி.யில் ஏற வேண்டும். நம்பரைத் தேய்த்துப் பழைய நம்பரையே குத்தித் தருகிறேன் என்று யாராவது சொன்னால் அங்கிருந்து நடையைக் கட்டுங்கள், அது குற்றம். விரிசல் என்று மெக்கானிக் வாயால் சொன்னால் போதாது, உங்கள் கண்ணில் காட்டச் சொல்லுங்கள். புகை வருகிறது, ஆயில் குடிக்கிறது என்பதெல்லாம் எஞ்சின் மாற்றக் காரணமே இல்லை.

உங்களுக்கு விண்டேஜ் பதிவே தேவையில்லை என்பதுதான் வேடிக்கை. அதில் பதிந்தால் கண்காட்சி, பழைய கார் பேரணி, பெட்ரோல் போட, பழுது பார்க்க என்று மட்டுமே வெளியே எடுக்கலாம். குடும்பத்தோடு ஞாயிறு சவாரி கிடையாது. உங்களுக்கு வேண்டியது சாதாரண ஆர்.சி.யை 5 வருடத்துக்குப் புதுப்பிப்பது. முதலில் இறப்புச் சான்றிதழ், வாரிசுச் சான்றிதழ், மற்ற வாரிசுகளின் சம்மதக் கடிதத்தோடு ஃபார்ம் 31 கொடுத்துப் பெயரை மாற்றுங்கள். மூன்று மாதத்துக்குள் செய்திருக்க வேண்டியது, தாமதத்துக்கு அபராதம் வரும், கட்டிவிடுங்கள். பிறகு ஆர்.சி.யைப் புதுப்பிக்க ஃபார்ம் 25. ஆன்லைனில் பழைய நம்பரே ஏறவில்லை என்பார்கள், கோப்பைத் தேடச் சொன்னால் அடுத்த வாரம் வரச் சொல்வார்கள். 60 வருட வண்டியைப் பத்திரமாக வைத்திருப்பவனைத் திருடனைப் போல அலைய விடுவது நம் அலுவலகங்களுக்குப் பழகிப்போய்விட்டது. எழுத்தில் மனு கொடுத்து, தேதி போட்ட ஒப்புகை வாங்கிக்கொள்ளுங்கள்.

புரோக்கர் மறுபடி வந்து, வண்டியை விற்கும்போது பெயர் மாற்றக் கொடுக்கும் ஃபார்ம் 29, 30ஐ நீட்டி, "அப்பா கையெழுத்தை நீங்களே போட்டுவிடுங்கள், யார் பார்க்கப் போகிறார்கள்" என்பார். போடாதீர்கள். அசல் ஆர்.சி.யையும் அவர் கையில் கொடுக்காதீர்கள், நகல் போதும்.