ட்ராமா ஷியர்ஸ்: எதைப் பார்த்து வாங்குவது, எப்படி வெட்டுவது

காயம்பட்டவரின் உடையை வெட்டி அகற்ற ஆம்புலன்ஸிலும் அவசர சிகிச்சைப் பிரிவிலும் வைத்திருக்கும் கனத்த கத்தரிக்கோல் பற்றி வந்த கேள்விகளும் பதில்களும்.

வீட்டில் இருக்கும் கூர்மையான கத்தரிக்கோல் போதாதா? இதில் அப்படி என்ன விசேஷம்?

விசேஷம் கீழ் அலகின் நுனியில் இருக்கிறது. படகின் மூக்கு மாதிரி மழுங்கலாக, தட்டையாக ஒரு பாதம் இருக்கும். துணிக்கும் தோலுக்கும் நடுவே அது வழுக்கிக்கொண்டு போகும், குத்தாது. வலியில் துடிப்பவர் திடீரென்று காலை இழுத்தாலும், வண்டி பள்ளத்தில் இறங்கி ஏறினாலும் சாதாரணக் கத்தரியின் முனை தோலில் இறங்கிவிடும். அடுத்தது வளைவு. அலகுகள் கைப்பிடியிலிருந்து சற்றே கீழ்நோக்கி வளைந்திருப்பதால், அலகு உடம்போடு படிந்து போகும்போது உங்கள் விரல் முட்டி நோயாளிமேல் இடிக்காது. ஓர் அலகில் பொடிப் பற்கள் இருக்கும். அவை துணி நழுவாமல் பிடித்துக்கொள்ளும்.

ஜோசப் லிஸ்டர் பெயரில் வழங்கும் பேண்டேஜ் கத்தரிக்கும் இதே மழுங்கல் மூக்கு உண்டு. கட்டுத்துணி வெட்ட அது அருமை. ஜீன்ஸிடம் தோற்றுவிடும்.

கடையில் ஏழெட்டு ரகம் தொங்குகிறது. கையில் எடுத்ததும் எதைச் சோதிப்பது?

முதலில் ஆணியை, அதாவது இரண்டு அலகும் சேரும் இடத்தை. பாதி திறந்து, அலகுகளைப் பக்கவாட்டில் ஆட்டிப் பாருங்கள். ஆட்டம் இருந்தால் துணி வெட்டுப்படாமல் இரண்டு அலகுக்கும் நடுவே மடிந்து சிக்கிக்கொள்ளும். "கத்தரி மழுங்கிப்போச்சு" என்று தூக்கிப் போடுபவற்றில் பல உண்மையில் ஆணி தளர்ந்தவைதான். ரிவெட் அடித்ததை இறுக்க வழியில்லை, திருகு வைத்ததை இறுக்கலாம்.

பிறகு முழுக்க மூடி, விளக்குக்கு எதிரே பக்கவாட்டில் பிடியுங்கள். நுனிகள் ஒன்றையொன்று தொட வேண்டும். நடுவில் மயிரிழை வெளிச்சம் தெரிய வேண்டும். அது குறை அல்ல. அலகுகளுக்கு அந்த மெல்லிய வில்வளைவு இருந்தால்தான் வெட்டும் புள்ளியில் மட்டும் இரண்டும் அழுந்தி உரசும்.

முடிந்தால் காஸ் துணி (காயத்தில் வைத்துக் கட்டும் மெல்லிய வலைத்துணி) ஒரு துண்டு கொண்டுபோங்கள். ஒற்றை அடுக்கை நனைத்து, நுனியின் கடைசி 1 செ.மீ.யால் மட்டும் வெட்டுங்கள். சுத்தமாக வெட்டுப்பட்டால் நல்ல கத்தரி. நூலை இழுத்தால் வேண்டாம். தடித்த துணியை எந்தக் கத்தரியும் ஒரு தடவை வெட்டிவிடும், நனைந்த காஸ்தான் பொய் சொல்லாது. அதே காஸைப் பாதத்தின் அடிப்பக்கம் ஓட்டிப் பாருங்கள். எங்காவது மாட்டினால் அங்கே பிசிறு இருக்கிறது, அது தோலையும் கீறும். பாதம் பிளாஸ்டிக் தொப்பியாக ஒட்டியிருந்தால் திருகிப் பாருங்கள். அது கழன்று விழுந்தால் உள்ளே இருப்பது வெறும் உலோக முனை.

கடைசியாக, கையுறை போட்டுக்கொண்டு கைப்பிடியில் விரல் விடுங்கள். பெரிய வளையத்தில் குறைந்தது மூன்று விரல் தாராளமாக நுழைய வேண்டும்.

நீளம், ஸ்டீல் ரகம், கறுப்புப் பூச்சு இவையெல்லாம் முக்கியமா?

நீளம் முக்கியம். 18 முதல் 19 செ.மீ. உள்ளதை எடுங்கள். 14 செ.மீ. குட்டி ரகம் பிளாஸ்டர், கட்டுத்துணி வெட்டத்தான். ஸ்டீல் பெரும்பாலும் 420 வகை ஸ்டெயின்லெஸ். அந்த எண்ணைவிட அலகின் தடிமனைப் பாருங்கள். மெல்லிய தகடு கனத்த துணியில் விலகிக்கொள்ளும். வழவழப்பான பூச்சு இருந்தால் பிளாஸ்டர் பசை குறைவாக ஒட்டும், அவ்வளவுதான். கைப்பிடி மட்டும் கறுப்பு வேண்டாம். இருட்டில், புல்லில் விழுந்தால் கிடைக்காது.

விளம்பரத்தில் நாணயத்தையே வெட்டிக் காட்டுகிறார்களே?

அமெரிக்க ஒரு சென்ட் நாணயம் அதற்கு வசதி. 1982-க்குப் பிறகு வந்த அந்த நாணயம் கிட்டத்தட்ட முழுக்கத் துத்தநாகம், மேலே செம்புப் பூச்சு. மிருதுவான உலோகம். யாரும் நாணயம் உடுத்திக்கொண்டு வருவதில்லை. அந்த வித்தையை வீட்டில் செய்துபார்த்தால் அலகில் ஒரு பள்ளம் விழும். பிறகு ஒவ்வொரு துணியும் அந்த இடத்தில் மாட்டும்.

லெதர்மேன் ராப்டர் போன்ற மடக்கு ரகம் வாங்கலாமா?

வேலைக்குத் தக்கபடி. ராப்டரில் கத்தரியோடு பட்டை வெட்டி, மோதிரம் வெட்டி, ஆக்ஸிஜன் சிலிண்டர் திறப்பான், கண்ணாடி உடைப்பான், சின்ன அளவுகோல் எல்லாம் இருக்கும். சாலை விபத்து, மலை மீட்பு என்று வெளியே அலைபவருக்குப் பயன்படும். வார்டில் இருப்பவருக்கு அதில் பாதி தேவைப்படாது. மடிப்புகள் கூடக்கூட ரத்தம் புகுந்து காயும் இடுக்கும் கூடுகிறது. பறிபோனால் மனம் வலிக்கும் கத்தரியை யாரும் இரவல் கொடுக்க மாட்டார்கள் என்பதும் ஒரு சங்கடம். எங்கள் பரிந்துரை: சாதாரணமானதில் நல்லதாக இரண்டு வாங்கி, ஒன்றை மாற்றாக வையுங்கள்.

மோதிரம் பற்றி ஒரு குறிப்பு. தங்கம், வெள்ளி மோதிரங்களை மோதிரம் வெட்டும் கருவி அறுக்கும். டங்ஸ்டன் கார்பைடு மோதிரத்தை எந்தப் பல்லும் அறுக்காது. பூட்டுக் குறடால் (பிடித்த பிடியில் பூட்டிக்கொள்ளும் குறடு) கொஞ்சம் கொஞ்சமாக இறுக்கி உடைக்க வேண்டும்.

பேண்ட் இடுப்பு மடிப்பில் வந்ததும் கத்தரி நின்றுவிடுகிறது. என்ன தப்பு?

நுனியால் வெட்டுகிறீர்கள். பலம் இருப்பது ஆணிக்குப் பக்கத்தில். வாயை முழுக்கத் திறந்து, துணியை ஆணிவரை உள்ளே தள்ளி, பிறகு அழுத்துங்கள். ஒவ்வொரு வெட்டிலும் வாயை முழுக்க மூடாமல், முக்கால் பங்கு மூடியதும் மறுபடி முன்னே தள்ளுங்கள். முழுக்க மூடினால் வெட்டு முனை தவறி, ரம்பம் போல் படிக்கட்டாக விழும்.

கால் நுனியில் தொடங்கி இடுப்புக்குப் போங்கள், சட்டையில் மணிக்கட்டிலிருந்து தோளுக்கு. மற்றக் கையால் துணியைத் தோலிலிருந்து தூக்கி விறைப்பாகப் பிடித்தால் பாதி வேலை முடிந்தது. தையலின்மேல் வெட்டாமல் அதற்கு 2 செ.மீ. தள்ளி வெட்டுங்கள், ஜீன்ஸ் பக்கத் தையலில் துணி பல மடங்காகக் கூடியிருக்கும். ஜிப், பட்டன், பிரா கம்பி ஆகியவற்றுக்கும் அதே விதி, பக்கத்தில் வெட்டுங்கள். இடுப்பு பெல்ட்டை வெட்டுவதைவிடக் கழற்றுவது சீக்கிரம். பாக்கெட்டில் ஊசியோ கத்தியோ இருக்கலாம், உள்ளே கையை விடாதீர்கள். ஐவி குழாய் (ரத்த நாளத்தில் மருந்து ஏற்றுவது), ஆக்ஸிஜன் குழாய், மானிட்டர் ஒயர் எங்கே போகின்றன என்று ஒரு கண் வையுங்கள். துணியோடு சேர்த்து நறுக்கப்படுவது பெரும்பாலும் அவைதான்.

சீட் பெல்ட்டைச் சாய்வாக வெட்டுங்கள். ஆள் தலைகீழாகத் தொங்கினால் முதலில் தாங்கிப் பிடிக்க ஆள் வேண்டும், பிறகுதான் வெட்டு. இறகு அடைத்த குளிர் ஜாக்கெட்டை முடிந்தவரை கழற்றப் பாருங்கள். வெட்டினால் இறகு பறந்து காயத்தில் ஒட்டும்.

கத்திக்குத்து, துப்பாக்கிச் சூடு என்றால்?

துணியில் விழுந்த ஓட்டையின் வழியே வெட்டாதீர்கள், சுற்றிப் போங்கள். அது தடயம். வெட்டிய துணியை உதறாமல் காகிதப் பையில் வையுங்கள். பிளாஸ்டிக் பையில் ஈரம் தேங்கிப் பூஞ்சை பிடிக்கும்.

நான் இடது கைக்காரர். எந்தக் கத்தரியும் எனக்கு வெட்டுவதே இல்லை.

கத்தரியின் குற்றமும் இல்லை, உங்கள் குற்றமும் இல்லை. வலது கையால் அழுத்தும்போது கட்டைவிரல் வெளியே தள்ளும், மற்ற விரல்கள் உள்ளே இழுக்கும். அதில் அலகுகள் நெருங்கும். அதே கத்தரியை இடது கையில் பிடித்தால் அந்தத் தள்ளல் அலகுகளைப் பிரிக்கும். இடது கைக்கென்றே அலகு மாற்றிச் செய்தது கிடைத்தால் அதுவே நல்லது. கைப்பிடி மட்டும் இரு கைக்கும் பொருந்துவதை அப்படி நினைத்து வாங்கிவிடாதீர்கள். கிடைக்கும்வரை, அழுத்தும்போது கட்டைவிரலை உள்ளங்கைப் பக்கமாக இழுத்துப் பழகுங்கள்.

ரத்தம் பட்டதை ஸ்பிரிட்டால் துடைத்தால் போதுமா?

போதாது. ரத்தத்தின்மேல் ஸ்பிரிட் பட்டால் அது இறுகி ஒட்டிக்கொள்ளும். வெந்நீரும் அப்படியே. கையுறையோடு, முழுக்கத் திறந்து, முதலில் குளிர்ந்த நீர்; பிறகு சோப்பு நீருக்குள் மூழ்கியபடியே பிரஷ்ஷால் ஆணிப் பகுதியையும் பற்களையும் தேயுங்கள். நீருக்கு வெளியே தேய்த்தால் முகத்தில் தெறிக்கும். அலசித் துடைத்து உலர்த்திய பிறகுதான் 70 சதவீத ஆல்கஹாலோ மருத்துவமனைக் கிருமிநாசினியோ. லேபிளில் சொன்ன நேரம்வரை ஈரமாகவே இருக்க வேண்டும். பிளீச் கரைசலில் ஊறப்போட்டு மறந்தால் ஸ்டெயின்லெஸ்ஸிலும் புள்ளி புள்ளியாக அரிப்பு விழும்.

ஆட்டோகிளேவ் (அழுத்த நீராவியில் கிருமி நீக்கும் கருவி) உலோகத்துக்கு ஒன்றும் செய்யாது, கைப்பிடிக்குச் செய்யும். 121 டிகிரி தாங்கும் பிளாஸ்டிக் 134-ஐயும் தாங்கும் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். உறையில் என்ன அச்சிட்டிருக்கிறது என்று பாருங்கள். எல்லாம் முடிந்து ஆணியில் ஒரு சொட்டுக் கருவி எண்ணெய் விட்டு, பத்துத் தடவை திறந்து மூடி, வழிந்ததைத் துடையுங்கள்.

சாணை பிடிக்கலாமா?

பல் வைத்த அலகைத் தீட்டினால் பல் போய்விடும். ஈரக் காஸ் சோதனையில் தோற்றால் மாற்றுங்கள். பழையதைக் குப்பையில் போடும்முன் கைப்பிடியில் டேப் சுற்றிவிடுங்கள், யாராவது எடுத்து மறுபடி பையில் வைத்துவிடாமல் இருக்க.